பதினோரு சிவப்புப் புள்ளிகள்

விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செருப்புக் கடைக்கும் சர்பத் கடைக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. உள்ளே மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், சத்தம் போடுகிற ஒரு ஃபேன், அப்புறம் மாரிசெல்வி. பட்டா மாறுதலா, வருமானச் சான்றா, முதியோர் பென்ஷனா, மழையில்லாமல் கருகிப்போன உளுந்துக்கு இன்சூரன்ஸா, எதற்கு வந்தாலும் "உக்காருங்க அண்ணாச்சி, பேரச் சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிடுவாள். எழுதப் படிக்கத் தெரியாதவர் வந்தால் அவருக்குத் தன் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போடுவாள். தட்டித் தட்டி முடித்ததும் எழுதினதை முழுக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவாள். படித்தவர்கள் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட இந்தக் குணம் கிடையாது. யார் என்ன சொன்னாலும் இது உண்மை.

திரையில் சில கட்டங்களுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரம் இருக்கும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பம் போகாது. பத்து வருஷ வேலையில் மாரிசெல்வி நட்சத்திரக் கட்டம் எதையும் காலியாக விட்டதில்லை. ஆள் மறந்திருந்தால் கேட்டுக் கேட்டு ஞாபகப்படுத்துவாள். அவருக்கே தெரியாவிட்டால் அவர் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பாள். "செல்வி போட்டா திரும்பி வராது" என்று தாலுகா ஆபீஸ் வாசலில்கூடப் பேச்சு உண்டு. அவளுடைய பெருமை அதுதான். அவளைக் கவிழ்த்துவிட்டதும் அதுதான்.

ஊர் அவளுக்கு ஊசிமேடு. விளாத்திகுளத்திலிருந்து மினிபஸ்ஸில் இருபது நிமிஷம், இறங்கி நடந்தால் இன்னொரு பத்து நிமிஷம். வயது முப்பத்திரண்டு. புருஷன் கயத்தாற்றில் லாரி டயர் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை வருவான். பிறந்த வீடும் அதே தெருதான். ஆடு வளர்க்கிற குடும்பம். அண்ணன் சீனி இன்றைக்கும் கிடைதான் வைத்திருக்கிறான்.

கிடை தெரியாதவர்களுக்கு அதையும் சொல்லிவிடுவது நல்லது. பகலெல்லாம் மேய்ந்த செம்மறிகளை ராத்திரி ஒரு விவசாயியின் நிலத்தில் அடைத்துப் படுக்கவைப்பதுதான் கிடை. நாலைந்து ராத்திரி படுத்து எழுந்தால் போதும், புழுக்கையும் மூத்திரமும் இறங்கிய கரிசலுக்கு அந்த வருஷம் வேறு உரம் வேண்டாம். பிறகு அடுத்த நிலம். நிலத்துக்காரர் கூலி கொடுப்பார், கிடையில் காவல் படுக்கிறவர்களுக்கு ராத்திரிச் சோறும் அவர் வீட்டிலிருந்துதான் வரும். ஐப்பசி மழைக்கு முன்னால், நிலம் வெறுமையாகக் கிடக்கிற சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் இதுதான் நடக்கும்.

போன வருஷம் ஆனியில் சீனிக்கு நிலம் கிடைக்கவில்லை. மேல்காற்று மண்ணை வாரி வாரி அடிக்க, மூன்று வாரம் ஆடுகளைப் புறம்போக்கில் படுக்கவைத்துக்கொண்டு திரிந்தான். அதே மூன்று வாரத்தில் பக்கத்து ஊரில் ஒரு நிலத்துக்காரர் "கெடை போட ஆளே இல்ல" என்று சலித்துக்கொண்டு லாரியில் உரம் இறக்கினார். அவருக்கு இன்சூரன்ஸ் எழுதிக்கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்துதான் மாரிசெல்வி அதைக் கேட்டாள். தன் அண்ணன் அவர் நிலத்துக்கு இரண்டு மைல் தள்ளி நின்றுகொண்டிருந்தான் என்பது அவள் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

இந்த வருஷம் வைகாசிக் கடைசியில் கோவில்பட்டிப் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றிலிருந்து பூவனலிங்கம் என்று ஒரு வாத்தியார் கடைக்கு வந்தார். கல்லூரியில் ஹேக்கத்தான் வைக்கிறார்களாம். மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஊருக்கு உபயோகமான ஒரு வலைத்தளத்தை இரண்டே நாளில் செய்து காட்ட வேண்டும். வலைத்தளம் என்றால் பெரிய மாயம் இல்லை. ஊர்ப் பொதுச் சுவரில் ஒட்டுகிற நோட்டீஸ் மாதிரிதான். என்ன, இந்தச் சுவரைத் தூத்துக்குடியில் இருப்பவரும் பார்க்கலாம், சிங்கப்பூரில் இருப்பவரும் பார்க்கலாம்.

"ஒவ்வொரு அணியிலயும் ரெண்டு மாணவர், ஒரு ஊர் ஆள். அதுதான் விதி" என்றார் வாத்தியார். "பிள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும், ஊர் தெரியாது. உங்களுக்கு ரெண்டும் தெரியும்னு சொன்னாங்க."

"யாரு சார் சொன்னாவ?"

"தாலுகா ஆபீஸ்ல."

"அவிய வேலையும் சேத்து நான் பாக்குதேன்ல, அதான் சொல்லியிருப்பாவ" என்றாள் மாரிசெல்வி. வாத்தியார் சிரித்தார். பரிசு என்ன என்று கேட்டாள். ஜெயிக்கிற அணியின் வலைத்தளத்தைக் கல்லூரியே இரண்டு வருஷம் நடத்தும், போன் எடுத்துப் பேச ஆளும் போடும் என்றார். கேடயம், மெடல் என்று சொல்லியிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள். நடத்தும் என்ற சொல்தான் இழுத்தது. கிடைக்காரரையும் நிலத்துக்காரரையும் சேர்த்துவைக்கிற சுவர் ஒன்று இரண்டு வருஷம் நின்றால், அண்ணன் இன்னொரு ஆனியில் புறம்போக்கில் நிற்க வேண்டியதில்லை.

அவளுடன் சேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் செல்வகணேஷ். கோவில்பட்டி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவன், கை கீபோர்டில் மழை மாதிரி விழும். ஆட்டைப் பிரியாணியில் மட்டுமே பார்த்தவன் என்று அவனே சொல்லிக்கொள்வான். இன்னொருத்தி பொன்மணி. எட்டயபுரத்துப் பக்கம் நிலபுலன் உள்ள வீட்டுப் பெண், திரையில் பார்ப்பதற்கு அழகாக அமைக்கத் தெரிந்தவள். கிடைக்காரர் தங்கள் விவரத்தைக் கொடுக்க ஒரு படிவம் வேண்டும் என்று மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பெயர், போன் நம்பர், கிடை இப்போது இருக்கிற இடம், எத்தனை ஆடு. அத்தோடு போதும் என்றான் செல்வகணேஷ்.

"எத்தனை பேரு கெடையில படுக்காங்கன்னு கேக்கணும்" என்றாள் பொன்மணி. "எங்க வீட்டுல அம்மாதான் சோறு குடுத்து விடுவாங்க. ரெண்டு ஆளுன்னு ஆக்கி வச்சா நாலு ஆளு இருக்கும். பாவம், பாதி வயித்தோட படுக்கும்."

நல்ல மனசில் வந்த கேள்வி. அதற்கும் ஒரு சிவப்பு நட்சத்திரம் வைத்தான் செல்வகணேஷ்.

போட்டிக்கு முன்னால் பத்து நாள் ஊரைக் கேட்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. மாரிசெல்வி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பதினோரு கிடைக்காரர்களைப் பார்த்தாள். வேறு யார் போயிருந்தாலும் ஒருவர்கூட வாயைத் திறந்திருக்க மாட்டார். இவள் தங்கள் பிள்ளை. பேரைச் சொன்னார்கள், நம்பரைச் சொன்னார்கள். எத்தனை ஆடு என்றபோது மட்டும் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

"கொஞ்சம் கெடக்கு தாயி."

அது அந்த ஜனங்களின் வழக்கம். ஆட்டை எண்ணி வெளியே சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண் பட்டு நோய் விழும் என்பார்கள். பெற்ற பிள்ளையைக்கூட எண்ணிச் சொல்வார்கள், ஆட்டைச் சொல்ல மாட்டார்கள். மாரிசெல்விக்கும் இது தெரியும். தெரிந்தவள் கட்டத்தை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருந்ததே! விட்டால் போகாதே! கிடைக்காரர் மகளுக்கு மந்தையைப் பார்த்தால் போதும், கண்ணே சொல்லிவிடும். நூற்றுப் பத்து, எண்பத்தாறு, சீனி அண்ணனுக்கு நூற்று நாற்பது என்று தானே போட்டாள். எத்தனை ஆள் படுக்கிறது என்பதையும் அங்கே கிடக்கிற கட்டிலையும் போர்வையையும் பார்த்தே போட்டாள். ஒன்றுகூடப் பொய் இல்லை. போட்டிக்கு முந்தின நாள் போன் போட்டு, இடம் மாறின கிடைகளையும் திருத்திக்கொண்டாள். அவ்வளவும் சுத்தம்.

போட்டி ஒரு சனியும் ஞாயிறும். கல்லூரியில் ஏசி போட்ட பெரிய லேப், இருபத்திரண்டு அணிகள். குடிதண்ணீர் லாரி எப்போது வரும் என்று சொல்கிற அணி, ரத்தம் கொடுக்க ஆள் தேடுகிற அணி, தீப்பெட்டி ஆபீஸ் பெண்களுக்குக் கண் பரிசோதனை ஏற்பாடு செய்கிற அணி. இவர்களுக்கு முதல் மணி நேரத்திலேயே 'ஆட்டு அணி' என்று பெயர் விழுந்துவிட்டது. யாராவது கடந்து போனால் "ம்மே" என்று ஒரு சத்தம்.

"ஏலே, ஆடு அப்படிக் கத்தாது" என்று மாரிசெல்வி திரும்பிச் சொன்னாள். "அது வெள்ளாடு. நாங்க செம்மறி வச்சிருக்கோம். கத்துததுன்னா கேட்டுப் பழகிட்டுக் கத்து."

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சத்தம் இல்லை.

சனிக்கிழமை நான்கு மணிக்கு முதல் பார்வை. சென்னையிலிருந்து வந்த ஒரு நடுவர் அம்மாள் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். செல்வகணேஷ் ஒரு பட்டனைத் தட்டினான். விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு எல்லாம் சேர்ந்த வரைபடம் விரிந்தது. அதில் ஒவ்வொன்றாகப் பதினோரு சிவப்புப் புள்ளிகள் முளைத்தன. ஒரு புள்ளியைத் தொட்டால் கிடைக்காரர் பெயர், ஆடு எத்தனை, ஆள் எத்தனை, ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், போகிற வழி, எல்லாம் வந்தது. லேப்பில் கைதட்டல். நடுவர் அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இன்னிக்கு நான் பார்த்ததுல உண்மையான விவரம் வச்சிருக்கறது இந்த அணி மட்டும்தான்" என்றார். மற்றவர்களும் பார்க்கட்டும் என்று அந்த இணைப்பைப் போட்டியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அங்கிருந்து எங்கெங்கே போனதோ, யாருக்குத் தெரியும்.

மாரிசெல்வி ஊர் வந்து சேரும்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே கிடைக்குப் போனாள். சீனி ஆடுகளைப் பட்டிக்குள் விட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இங்க பாரு. நீ டிவில வராத கொறைக்கு இதுல வந்துட்டே."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான். புள்ளியைத் தொட்டுக் காட்டினாள். முதலில் சிரித்தான். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன், எழுத்துக்கூட்டி வாசித்தான். வாசிக்க வாசிக்கச் சிரிப்பு போய்விட்டது.

"இது யாரு யாரு பாக்கலாம்?"

"யாரு வேணும்னாலும் பாக்கலாம்ணே. அதுதான இதுல உள்ள விசேஷமே."

"நூத்தி நாப்பதுன்னு நான் ஒங்கிட்ட சொன்னனா?"

"நீ எங்க சொன்னே. நானே பாத்துப் போட்டேன். சரியாத்தான இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு." அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான். "கெடையில படுக்கது ஒரு ஆளு. ரோட்டுல இருந்து அரை மைலு. வண்டி வர வழி உண்டு. ஏட்டி, திருட வாறவன் இதையெல்லாம் தெரிஞ்சுகிட நாலு நாளு சுத்தணும். நீ ஒக்கார வச்சு வாசிச்சுக் காட்டிட்டியே."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கயத்தாற்றுப் பக்கம் வேன் வைத்து இருபது ஆட்டை ஏற்றிக்கொண்டு போனது மாரிசெல்விக்குத் தெரியாததா? போலீஸுக்குப் புகார் தட்டிக்கொடுத்ததே அவள்தான். அன்றைக்கு அந்தப் படிவத்தில் நட்சத்திரக் கட்டம் ஏழு இருந்தது என்பதுகூட ஞாபகம் இருந்தது. அந்த நினைப்பு ஏன் இந்தப் பத்து நாளில் ஒரு தடவைகூட வரவில்லை என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

சீனி திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள். கட்டிய கயிற்றை அவிழ்த்தான். அடங்கிப் படுத்திருந்த ஆடுகள் குழம்பி எழுந்தன.

"எங்கணே போறே?"

"கெழக்க. எங்கயாச்சும்."

அங்கே நின்றபடியே செல்வகணேஷுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, அந்த வரைபடத்த இப்பவே எடுத்துருங்க."

"என்னக்கா சொல்றீங்க? நாமதான் முதல்ல இருக்கோம். பூவனலிங்கம் சாரே சொன்னாரு."

"எடுங்க தம்பி. சொல்லுதேன்ல."

"நான் பஸ்ல இருக்கேன்க்கா. லேப்டாப் காலேஜ்ல. காலைல பேசிக்கலாம்."

மற்றப் பத்துப் பேருக்கும் போன் போட்டாள். எட்டுப் பேர் எடுத்தார்கள். "இன்னைக்குக் கெடைய எடம் மாத்திருங்க. சீனி அண்ணன் சொல்லச் சொன்னாவ" என்றாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "எதோ கேள்விப்பட்டாவளாம்" என்றாள். தான் செய்தேன் என்ற ஒரு சொல் மட்டும் வாயில் வரவில்லை. இரண்டு பேருக்கு டவர் கிடைக்கவில்லை. அவர்களைத் தேடி ஸ்கூட்டியில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அங்கேயும் அண்ணன் பெயரைத்தான் சொன்னாள். இதை மறைத்துச் சொல்லி அவளை நல்லவளாக்க வேண்டியதில்லை. நல்லவளுக்கும் பயம் உண்டு.

மறுநாள் காலை எட்டு மணிக்கே லேப்பில் இருந்தாள். செல்வகணேஷ் வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் சுருங்கியது.

"அக்கா, மார்க் போடுற தாளைப் பாருங்க. 'செயல்படும் வரைபடம்', 'உண்மையான தகவல்'. ரெண்டும் போச்சுன்னா நம்மகிட்ட என்ன இருக்கு? வெறும் படிவம்தான். மூணு மணிக்கு முடிவு. ஆடு எத்தனைங்கறத மட்டும் மறைச்சிடறேன், போதுமா?"

"எடம் தெரிஞ்சா போதுமே தம்பி. வந்து எண்ணிக்கிடுவான்."

"எங்க அப்பா மாதிரி ஆளுங்களுக்குக் கெடை எங்க இருக்குன்னு தெரியாம எப்படிக்கா கூப்பிடுவாங்க?" என்றாள் பொன்மணி. அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. "அதுக்குத்தான நாம இதையே ஆரம்பிச்சோம்?"

மாரிசெல்வி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புப் புள்ளிகள் இன்னும் பழைய இடத்திலேயே நின்றன. ஆடுகள் இல்லாத இடங்கள். வெறும் நிலம்.

"பொன்மணி, ஒங்க அப்பா நெலம் எங்க இருக்குன்னு ஊருக்குத் தெரிஞ்சா அவியளுக்கு ஏதாச்சும் நட்டமா?"

"அதுல என்னக்கா நட்டம்? நிலத்தை வேன்ல ஏத்திட்டுப் போகவா முடியும்?"

"அப்ப அதப் போடுவோம். கெடை வேணுங்கிற நெலத்துக்குப் புள்ளி வைப்போம். கெடைக்காரவிய அதப் பாத்துட்டு, தோதா இருந்தா அவியளே போன் போடட்டும். கெடை எங்க கெடக்குன்னு கெடைக்காரனத் தவிர ஒருத்தனுக்கும் தெரிய வேண்டாம்."

செல்வகணேஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். "மொத்தத்தையும் தலைகீழாத் திருப்பணும். நம்மகிட்ட ஒரு நிலத்து விவரம்கூட இல்லக்கா. காலி வரைபடத்தைக் காட்டி நிக்கணும்."

"நிப்போம்."

"நீங்க நிப்பீங்க. 'ம்மே'ன்னு கத்துறது என்னைப் பாத்துல்ல."

"தம்பி," என்றாள் மாரிசெல்வி. குரல் உயரவே இல்லை. "பதினோரு பேரும் கல்லூரிக்குத் தரல, ஒங்களுக்குத் தரல. எனக்குத் தந்தாவ. மொத அத அழிங்க. பொறவு ஜெயிப்பமா தோப்பமான்னு பேசுவோம்."

அவன் மார்க் தாளை மடித்து ஓரமாக வைத்தான். அப்புறம் கீபோர்டை இழுத்தான். "நீங்க சொல்றது சரின்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. ஆனா அழிக்கிறேன்." புள்ளிகள் ஒவ்வொன்றாகப் போயின. பதினொன்றும் போன பிறகுதான் அவள் தண்ணீர் குடித்தாள்.

பொன்மணி வராந்தாவுக்குப் போய் அவள் அப்பா காளீஸ்வரனுக்குப் போன் போட்டாள். "நம்ம நெலத்தப் போடட்டுமாப்பா... ஆமாப்பா, கெடைக்குத்தான்... கோயில் பக்கத்துல உள்ளதையா? எல்லாத்தையும் ஏன் கேக்கீங்க, ஒண்ணு சொல்லுங்க" என்று அவள் கெஞ்சுவது உள்ளே கேட்டது. ஒன்று கிடைத்தது. அவர் சொல்லி இன்னொருவர், அவர் மச்சினன் ஒருவர். மூன்று மணிக்கு வரைபடத்தில் மூன்று பச்சைப் புள்ளிகள் இருந்தன. பச்சை பொன்மணி தேர்ந்தெடுத்தது.

நடுவர் அம்மாள் வந்து பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"நேத்து பதினோரு கிடை இருந்ததே? என்ன ஆச்சு?"

சர்வரில் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்று செல்வகணேஷ் காலையிலேயே ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் மாரிசெல்வி எழுந்து நின்றாள்.

"நான்தான் அழிக்கச் சொன்னேன் மேடம். நேத்து நாங்க போட்டது தப்பு. ஆடு எங்க இருக்கு, எத்தனை, காவலுக்கு எத்தனை பேருன்னு மொத்தத்தையும் போட்டுட்டோம். அது நெலத்துக்காரவியளுக்கு எவ்வளவு ஒதவுமோ அவ்வளவு திருடனுக்கும் ஒதவும். நீங்க கை தட்டினீங்க, நானும் தட்டினேன். எங்க அண்ணன் பாத்துட்டு அப்பவே ஆட்ட எழுப்பிக்கிட்டுப் போயிட்டாவ."

அந்த அம்மாள் ஏதோ எழுதினார். நிமிர்ந்து, "நேத்து நான் இதைக் கேட்டிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். மார்க் போடுகிற தாளில் இருந்த கட்டத்துக்குத்தான் அவரும் மார்க் போட முடியும். குடிதண்ணீர் லாரி அணிக்கு முதல் பரிசு. நல்ல வேலைதான், குறை சொல்வதற்கில்லை. இவர்களுக்கு ஆளுக்கொரு சான்றிதழ். கல்லூரி நடத்தவும் இல்லை, போன் எடுக்க ஆள் போடவும் இல்லை. இலவசமாகக் கிடைக்கிற ஓர் இடத்தில் அந்த வலைத்தளத்தைத் தூக்கி வைத்தான் செல்வகணேஷ். "எத்தனை நாள் நிக்கும்னு தெரியலக்கா. நிக்கற வரை நிக்கட்டும்" என்றான்.

அந்த ஒரு ராத்திரியில் யார் ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதற்காக அவள் செய்தது சரியாகிவிடாது. பத்துக் கிடை காரணம் தெரியாமல் இருட்டுகிற நேரத்தில் எழுந்து இடம் மாறியிருக்கிறது. ஏற்கெனவே பேசியிருந்த நிலத்தை நாலு பேர் விட்டிருக்கிறார்கள். நிலத்துக்காரர்களிடம் கெட்ட பேர். அதற்கெல்லாம் சீனியின் பேர்தான் அடிபட்டது. "ஒங்க அண்ணன் எதையோ கேட்டுட்டு எல்லாரையும் கெளப்பிவிட்டுட்டான்" என்று மினிபஸ்ஸிலேயே ஒருவர் அவளிடம் சொன்னார். சீனி மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளை உட்காரவிடவில்லை.

செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு சொன்னாள். ஸ்கூட்டியில் பெட்ரோல் போட்டாள். போனில் சொல்லிவிடக் கூடாது, நேரில் போய் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வைராக்கியம். பார்க்கிறவர்களுக்குச் சின்ன விஷயம். கிடைக்காரர் இருக்கிற இடம் இப்போது அவளுக்கே தெரியாது. கேட்டுக் கேட்டு, காற்றில் கண்ணெல்லாம் மண்ணாகத் தேடினாள்.

முதலாமவர் கேட்டுவிட்டு, "சரி போ, பிள்ளதான" என்றார். இரண்டாமவர் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டோடு நடந்துவிட்டார். கூடவே நடந்தாள், அவர் பேசவில்லை. மூன்றாவது கிடையில் இருந்த கடற்கரை என்பவர் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். "படிச்ச திமிருல்லா? எங்க குடியக் கெடுக்கவா படிச்சே? இனி எங்க கெடைப் பக்கம் காலெடுத்து வைக்காத" என்றார். அவள் முழுவதையும் நின்று கேட்டாள். "தப்புதான் சித்தப்பா" என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. வலைத்தளத்தை மாற்றிவிட்டோம், இனிமேல் பயமில்லை என்றெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மன்னிப்புக்கு விலை பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

ஒன்பதாவதாகப் பார்த்தது ரெங்கம்மாளை. புருஷன் போன பிறகு தானே கிடை வைத்து நடத்துகிறவள், ஐம்பது வயதுக்காரி. அருங்குளம் ஓடைக்கரையில் உடைமர நிழலில் உட்கார்ந்து, ஓர் ஆட்டின் காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

மாரிசெல்வி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

ரெங்கம்மாள் முள்ளை எடுத்து, எச்சில் தொட்டு வைத்து, ஆட்டைத் தட்டி அனுப்பினாள். "அப்ப சீனி சொல்லல."

"இல்ல சித்தி. நான்தான்."

"எனக்கு அன்னைக்கே தெரியும். அவன் பேசுத பேச்சு இல்ல அது. எதோ கேள்விப்பட்டாவளாம்! சீனிக்கு எதையும் மென்னு முழுங்கவா தெரியும்?" கொஞ்ச நேரம் இவளையே பார்த்தாள். "என்னைய எத்தனைன்னு போட்டிருந்தே?"

"எம்பத்தாறு."

"கண்ணு பரவால்ல ஒனக்கு" என்று சொல்லிவிட்டு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டாள். "இனி செய்யாத."

"செய்ய மாட்டேன் சித்தி."

"எத்தன பேருகிட்டப் போயிட்டே?"

"எட்டு. நீங்க ஒம்பது. இன்னும் ஒருத்தரு இருக்காவ."

"வஞ்சாவளா?"

"நாலு பேரு வஞ்சாவ. ஒருத்தர் பேசவே இல்ல."

"வைவாவ. வைய வேண்டியதுதான." ரெங்கம்மாள் எழுந்து சேலையைத் தட்டினாள். ஓடைக்கு அந்தப் பக்கம், விதைப்பில்லாத கரிசல் வெடித்துக் கிடந்தது. சனிக்கிழமை விட்டுவந்த நிலத்துக்காரர் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. மூன்று நாளாக ஓடைக்கரைதான். "இப்ப அதுல என்ன போட்டிருக்கே? எங்க பேரு கெடக்கா?"

"யாரு பேரும் இல்ல. கெடை வேணுங்கிற நெலம் மட்டும்தான். மூணு இருந்துச்சு, இப்ப ஏழு."

"காட்டு."

மாரிசெல்வி போனை நீட்டினாள். வெயிலில் திரை தெரியவில்லை. இரண்டு பேரும் மரத்தடிக்கு நகர்ந்து, முந்தானையால் மறைத்துக்கொண்டு பார்த்தார்கள். ரெங்கம்மாளுக்கு எழுத்து தெரியாது. மாரிசெல்வி ஒவ்வொரு பச்சைப் புள்ளியாகத் தொட்டு வாசித்துக் காட்டினாள்: எந்த ஊர், எத்தனை ஏக்கர், பக்கத்தில் தண்ணீர் உண்டா. நாலாவது நிலத்தில் ரெங்கம்மாள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இது கம்மாய்க்குக் கெழக்கயா, மேக்கயா?"

"கெழக்க."

"அப்படின்னா மேய்ச்சலும் உண்டு." அவள் மந்தையைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். அவள் யோசித்த நேரத்தில் மாரிசெல்வி ஒரு வார்த்தை சொல்லவில்லை. போடு என்றும் சொல்லவில்லை, பயப்படாதே என்றும் சொல்லவில்லை. கேட்காமல் எதையும் நிரப்பாமல் சும்மா நின்றாள்.

"ஒன் போன்ல இருந்தே போடு" என்றாள் ரெங்கம்மாள் கடைசியில். "நாள மறுநாள் சாயங்காலம் கெடை வருதுன்னு சொல்லு. சோறு மூணு ஆளுக்கு. யாருன்னு கேட்டா, வந்து சொல்லுவாவன்னு சொல்லு."

மாரிசெல்வி நம்பரைத் தட்டினாள்.